கேள்வி கேட்டுவிட்டு

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் அவளுக்கு விழுந்த பெயர் பெரியக்கா. உடன் படித்தவர்கள் எல்லாரும் இப்போதுதான் பட்டம் வாங்கிய பிள்ளைகள். அவளுக்கோ பாதித் தலை நரைத்திருந்தது. சின்னப் பள்ளி ஒன்றில் பயிற்சிச் சான்றிதழ் இல்லாமலே பல வருடம் கணக்கு நடத்தியவள். சான்றிதழ் இல்லாதவர்கள் இனி வகுப்பெடுக்கக் கூடாது என்று விதி வந்ததும், "உங்கள அனுப்பறது எனக்குக் கை ஒடிஞ்ச மாதிரிதான். என்ன பண்றது, படிச்சுட்டு வாங்க" என்றார் தாளாளர்.

அந்த வருடம்தான் அவள் அப்பா இறந்திருந்தார். கல்யாணம் கில்யாணம் என்று எதுவும் நடக்காத வாழ்க்கை. வீட்டில் வேறு ஆள் இல்லை. பகலில் போய் உட்கார ஓர் இடம் கிடைத்ததே என்று சேர்ந்துவிட்டாள்.

படிப்பு அவளுக்குப் பெரிய பாடாக இல்லை. கல்வி உளவியல், தேர்வும் மதிப்பீடும், பாடத்திட்டம் எழுதுவது எல்லாம் கைக்கு வந்தன. "ரெண்டு ரெண்டு பேரா சேர்ந்துக்கங்க" என்று விரிவுரையாளர் சொல்லும் நேரம்தான் ஆகாது. நாற்காலிகள் கரகரவென்று இழுபடும். சத்தம் ஓய்ந்த பிறகு பார்த்தால் அவள் நாற்காலி போட்ட இடத்திலேயே இருக்கும். யாராவது ஒரு ஜோடி பரிதாபப்பட்டு, "பெரியக்கா, நீங்க எங்களோட வாங்க" என்று கூப்பிடும். பிள்ளைகள் கெட்டவர்கள் இல்லை. அவளுடைய குறிப்புகளை வாங்கி எழுதிக்கொள்வார்கள், நன்றியும் சொல்வார்கள். சாப்பாட்டு மேசைக்கு அவள் வந்தால் மட்டும் சிரிப்பை அப்படியே முழுங்கிக்கொள்வார்கள்.

பள்ளிக்குப் பயிற்சிக்கு அனுப்புவதற்கு முன்னால் வகுப்புத் தோழர்களையே பிள்ளைகளாக உட்காரவைத்துப் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். அவள் முறை வந்தது. நன்றாகவே நடத்தியதாகத்தான் நினைத்தாள். உளவியல் விரிவுரையாளர் அதைக் கைபேசியில் பதிவு செய்திருந்தார். அவளைவிட வயதில் சின்னவர், கறாரான பெண்மணி.

"கேளுங்க" என்று ஒலியைக் கூட்டினார்.

அவள் குரல் வந்தது. "முக்கோணத்துக்கு எத்தனை பக்கம்? மூணு. மூணும் சமமா இருந்தா என்ன பேரு? சமபக்க முக்கோணம். புரிஞ்சுதா? புரிஞ்சுது."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. அவளும் சிரித்துவைத்தாள்.

"கேள்வியும் நீங்க, பதிலும் நீங்க" என்றார் விரிவுரையாளர். "அப்புறம் பிள்ளைங்க எதுக்கு? கேட்டுட்டு ஒரு மூச்சு இழுத்து விடுங்க. அவங்க யோசிக்கட்டும்."

அன்று வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தவள், "காபி போடலாமா? போடலாம்" என்றாள். சொன்ன வாய் அப்படியே நின்றுவிட்டது.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போன பிறகு பல வருடம் அவருக்கும் சேர்த்து அவள்தான் பேசினாள். வலிக்குதா, இல்லையே. ஜன்னலத் திறக்கவா, திற. அவர் கண்ணைப் பார்த்தே பதிலைக் கண்டுபிடித்து, அதையும் தானே சொல்லிவிடுவாள். இப்போது அந்தக் கண்ணும் இல்லை. ஒரு ஆள் பேச்சுக்கு இரண்டு குரல் மட்டும் மிச்சமிருந்தது. காபி போடாமல் சுவரோரம் உட்கார்ந்துகொண்டாள். பக்கத்து வீட்டில் யாரோ யாரையோ சாப்பிடக் கூப்பிட்டார்கள்.

கற்பித்தல் பயிற்சிக்கு அவளுக்குக் கிடைத்தது ஒரு பெரிய பள்ளியின் ஐந்தாம் வகுப்பு. வகுப்பாசிரியர் கடைசி பெஞ்சில் விடைத்தாள் திருத்திக்கொண்டே கவனிப்பார். முதல் நாள் ஒரு கேள்வி கேட்டுவிட்டு வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். பிள்ளைகள் அவளைப் பார்த்தார்கள். அவள் பிள்ளைகளைப் பார்த்தாள். அவளுக்குப் பாடம் மறந்துபோய்விட்டது என்று நினைத்த ஆசிரியர் பின்னாலிருந்து, "எட்டு, எட்டு!" என்று விடையை எடுத்துக்கொடுத்தார்.

விடாமல் முயன்றாள். ஒரு நாள் கரும்பலகையில் மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று என்று இரண்டு பின்னங்களை எழுதினாள்.

"நாலுதானே மூணைவிடப் பெரிசு? அப்புறம் ஏன் நாலுல ஒண்ணு சின்னதா இருக்கு?"

பதில் நாக்கு நுனியில் நின்றது. மூச்சை இழுத்து விட்டாள். ஜன்னலோரத்தில், வந்த நாள் முதல் வாயே திறக்காத ஒரு பெண் குழந்தை மெதுவாக எழுந்தாள்.

"ஆளு கூடினா பங்கு குறைஞ்சிரும் டீச்சர்."

"எப்படிச் சொல்ற?"

"தம்பி பிறந்தான்ல. அதுக்கப்புறம் அம்மா எனக்குக் கொஞ்சம்தான்."

பிள்ளைகள் சிரித்தார்கள். பெரியக்கா சிரிக்கவில்லை. "சரியாச் சொன்ன" என்றாள். பலகைப் பக்கம் திரும்பி, எழுதியிருந்ததையே மறுபடியும் எழுதினாள். சேர்ந்து வாழ்ந்தால் இப்படியும் ஒரு வலி உண்டு என்று அவள் யோசித்ததே இல்லை. பங்கு கேட்க ஆளே இல்லாத வலி மட்டும்தான் அவளுக்குத் தெரியும்.

பிறகு அந்தக் குழந்தை தினமும் ஏதாவது சொல்ல ஆரம்பித்தாள். பாதி தப்பாக இருக்கும். பெரியக்கா காத்திருந்து கேட்பாள்.

வெளியிலிருந்து தேர்வாளர் வந்து இறுதிப் பாடத்தைப் பார்த்து மதிப்பெண் போட்டுப் போனார். அத்துடன் பயிற்சி முடிந்தது. மாலையில் மற்ற பயிற்சி ஆசிரியர்கள் வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். "பெரியக்கா, உங்களுக்குத்தான் கை ஆடாது" என்று கைபேசியை அவளிடம் நீட்டினார்கள். எடுத்துக் கொடுத்துவிட்டுப் பையை மாட்டினாள்.

அந்தக் குழந்தை பின்னாலேயே வந்தாள். "நாளைக்கு வருவீங்களா டீச்சர்?"

வருவேன் என்று சொல்லியிருக்கலாம். "இல்லம்மா. எனக்கு இங்க இன்னியோட முடிஞ்சுது."

"சரி" என்றாள் குழந்தை. அழுகிற மாதிரி இல்லை. பழகிப்போன முகம்.

வெளியே குழந்தையின் அம்மா ஒரு கையில் கைக்குழந்தையும் இன்னொரு கையில் பையுமாக நின்றிருந்தார். "சீக்கிரம் வா, பஸ் போயிரும்" என்றார்.

"தம்பியக் குடுங்க, பஸ் ஸ்டாப் வரைக்கும் நான் தூக்கிட்டு வர்றேன்" என்றாள் பெரியக்கா.

"உங்களுக்கு எதுக்குங்க சிரமம்?"

"அந்தப் பக்கம்தான் போறேன்."

அவள் வீடு எதிர்ப்பக்கம். பிள்ளை கனமாக, வெதுவெதுப்பாக இருந்தான். தோளில் எச்சில் ஒழுக்கினான். முன்னால் அம்மாவும் மகளும் கைகோத்து நடந்தார்கள். மகள் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே போனாள். என்ன பேசினாள் என்று பெரியக்கா காதில் விழவில்லை. பேருந்து வந்தது, பிள்ளையைக் கொடுத்தாள், ஏறிப் போய்விட்டார்கள். வந்த வழியே திரும்பி நடந்தாள்.

தேர்வில் நல்லபடியாகத் தேறினாள். பழைய பள்ளியில் அவள் இடத்துக்கு ஆள் போட்டாயிற்று. வேறு ஊரில் வேலை கிடைத்தது. அங்கே வீடு பார்க்கப் போனபோது வீட்டுக்காரர், "எத்தனை பேரும்மா?" என்று கேட்டார்.

"ஒருத்திதான்."

"அப்ப தண்ணிப் பிரச்சினையே இருக்காது" என்று சிரித்தபடி சாவியை நீட்டினார் அவர்.