அந்த ஒரு ரவுண்டு

புது மாடல் பைக் லாரியிலிருந்து இறங்கிய அன்றைக்கு ஷோரூமில் ஒருத்தரும் உருப்படியாக வேலை பார்க்கவில்லை. ஆளாளுக்கு அபிப்பிராயம் சொல்லவே நேரம் சரியாக இருந்தது.

பெட்ரோல் டேங்க் இரண்டு பக்கமும் தோள் மாதிரி புடைத்திருந்தது. எஞ்சினும் குழாய்களும் மூடி மறைக்காமல் அப்படியே வெளியே தெரிந்தன. பின்பக்கம் ஒட்டிப்போய், முன்பக்கம் இப்போதே பாயப் போகிறேன் என்று குனிந்து நின்றது. சேல்ஸ்காரர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். "நேக்கட் பைக்னா இதுதான்யா! மேல ஒரு பிளாஸ்டிக் கிடையாது. எல்லாம் சதை" என்றார். தரை துடைக்கிற அக்கா மாப்பை ஊன்றிக்கொண்டு அதை மேலும் கீழும் பார்த்தாள். "இவ்வளவு காசு வாங்கிக்கிட்டு ஒரு சட்டையாவது போட்டு அனுப்பக் கூடாதா?" என்று கேட்டாள். கேஷியர் பெண்ணுக்கு முன்விளக்கு பிடிக்கவில்லை. கோபித்துக்கொண்ட தவளை மாதிரி இருக்கிறதாம். மேனேஜருக்கு எல்லாமே பிடித்திருந்தது. பிடிக்கவில்லை என்று சொல்ல மேனேஜருக்கு ஏது உரிமை?

சாவி மட்டும் வாயைத் திறக்கவில்லை. சாவி என்பது பட்டப்பெயர். டெலிவரிக்குப் போகிற ஒவ்வொரு வண்டியையும் சரிபார்த்து அனுப்புவது அவன் பொறுப்பு; சாவிக்கொத்தை இடுப்பில் மாட்டிக்கொண்டு கலகலவென்று திரிவான். பதினாலு வருஷ மெக்கானிக். "நீ என்னடா சொல்ற?" என்று சேல்ஸ்காரர் சீண்டினார்.

"ஓட்டாம என்னத்தைச் சொல்றது? அழகு கிடக்கட்டும் சார். ஆக்ஸிலேட்டரைத் திருகினா என்ன பண்ணுதுன்னு தெரிய வேணாமா?"

ஓட்டிப் பார்க்க ஒரு வழி இருந்தது. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு மட்டும் தெரிந்த வழி. புது மாடலில் முதல் வண்டி விற்றதும், வாங்கியவர் வந்து எடுப்பதற்கு முன்னால், ஒரு மெக்கானிக் அதை ஒரு ரவுண்டு அடித்துவிட்டு வந்துவிடுவான். கிலோமீட்டர் ஏறினால் குட்டு உடைந்துவிடும் அல்லவா? அதனால் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற சென்சார் வயரைக் கழற்றிவிட்டுத்தான் எடுப்பார்கள். சக்கரம் எவ்வளவு சுற்றினாலும் மீட்டர் அசையாது. திரும்பி வந்து வயரை மாட்டிவிட்டால் ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. என்ன புத்திசாலித்தனம் பாருங்கள்! அதே வயர்தான் ஏபிஎஸ்ஸுக்கும் கண். சடாரென்று பிரேக் அடித்தால் சக்கரம் இறுகி வழுக்கிவிடாமல் காப்பாற்றுவது அதுதான். மேனேஜர்கூட மெக்கானிக்காக இருந்த காலத்தில் இந்த ரவுண்டு அடித்தவர்தான். அதனால் கண்டும் காணாமல் இருப்பார்.

முதல் வண்டியை எடுத்தவர் ஒரு தபால்காரர். ஒரு மாதமாக வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் தினமும் வந்து அதைப் பார்த்துவிட்டுப் போனவர். வயது ஐம்பத்திரண்டு. இருபத்தாறு வருஷமாக ஆபீஸ் கொடுத்த ஒரு சின்ன மொபெட்டில் கடிதம் கொடுத்துக்கொண்டிருக்கிறவர். "மழையாகட்டும் சேறாகட்டும், ஒரு தடவை கூட விழுந்ததில்ல தம்பி" என்பார். பெருமை என்று அந்த மனிதரிடம் இருந்தது அது ஒன்றுதான். வீட்டில் மனைவிக்கு வண்டியே ஆகவில்லை. முன்பணம் கட்ட வந்த அன்று எல்லார் முன்னாலும் போட்டு உடைத்துவிட்டாள். "இந்த வயசுல இவ்வளவு பவர் எதுக்குங்க? அடங்குமா உங்க கைக்கு? மூஞ்சியைப் பாருங்க அதுக்கு, அடிக்க வர்ற மாதிரி!" கல்லூரியில் படிக்கிற மகள்தான் அப்பா பக்கம் நின்றாள். "அம்மா, நீ சும்மா இரு. அப்பா கைக்கு அடங்காத வண்டி இருக்கா? சாம்பல் கலர் எடுங்கப்பா, அதுதான் கெத்து."

டெலிவரி அன்று காலை பத்து மணிக்கு முன்னால் சாவி வயரைக் கழற்றினான். பின்வாசல் வழியாக வண்டியை வெளியே எடுத்தான். குடோன்களுக்குப் பின்னால் ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு நேர் சாலை இருந்தது. மூன்றாவது கியரில் கையை ஒரு திருகு திருகினான், பாருங்கள், வயிறு முதுகோடு போய் ஒட்டிக்கொண்டது. "யப்பா!" என்று தனியாக ஹெல்மெட்டுக்குள் கத்தினான். எட்டே நிமிஷம். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு வண்டியை அவன் ஓட்டியதில்லை.

திரும்பி வந்தால் சேல்ஸ்காரர் வாசலில் குதித்துக்கொண்டிருந்தார். "எங்கடா போய்த் தொலைஞ்சே? பார்ட்டி வந்தாச்சு! போட்டோ எடுக்கணும், ரிப்பன் கட்டணும்!" சாவி குனிந்து வயரை அதன் கூட்டுக்குள் அழுத்தினான். சரியாக உட்கார்ந்தால் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்ததா? ஷோரூமில் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. வந்திருக்கும் என்று எழுந்துவிட்டான்.

எட்டாம் நாள் தபால்காரர் விழுந்தார்.

குறுக்கே ஒரு நாய். பிரேக் அடித்தார். முன்சக்கரம் இறுகி வழுக்கியது. அவருக்கு முழங்கையில் சிராய்ப்புதான். பின்னால் உட்கார்ந்திருந்த மகளுக்குத் தோள் எலும்பு உடைந்து, அறுவை சிகிச்சை செய்து தகடு வைத்தார்கள். வலது கை. இந்தப் பருவத் தேர்வை அவளால் எழுத முடியாது.

வண்டி ஒரு சின்ன லாரியில் ஏறி ஒர்க்‌ஷாப்புக்கு வந்தது. சாவி மண்டியிட்டு முன்சக்கரத்தைப் பார்த்தான். வயர் கூட்டில் பாதி உள்ளே, பாதி வெளியே, ஆடிக்கொண்டு நின்றது. கை தானாகப் போய் அதை அழுத்தியது. டக். அவ்வளவுதான், ஆதாரம் போய்விட்டது. பக்கத்தில் யாரும் இல்லை.

மேனேஜர் கம்பெனிக்கு அனுப்பும் அறிக்கையைக் கொண்டுவந்து நீட்டினார். காரணம் என்ற இடத்தில் 'ஓட்டியவரின் கவனக்குறைவு' என்று ஏற்கெனவே நிரப்பியிருந்தது. "வண்டியில ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார். "இல்ல சார்" என்றான் சாவி. கையெழுத்துப் போட்டான். உண்மையைச் சொன்னால் வேலை போகும். போனால் இந்த ஊரில் எந்தக் கடையும் சேர்த்துக்கொள்ளாது. வீட்டில் இரண்டு பிள்ளைகள். இப்படியெல்லாம் மனதுக்குள் சொல்லிச் சொல்லிச் சோற்றை மென்று விழுங்கினான்.

உதிரி பாகம் வர நாளாகியது. தபால்காரர் மூன்று நாளைக்கு ஒரு தடவை வந்து எட்டிப் பார்ப்பார். நடந்தே வருவார். சேல்ஸ்காரரிடம், "ரெடியானதும் யாராவது கேட்டா வித்துக் குடுத்துடுங்க சார்" என்பார். சேல்ஸ்காரர் ஆறுதல் சொல்கிறேன் பேர்வழி என்று, "இது சின்னப் பசங்க வண்டி சார், நான் அன்னைக்கே சொல்லணும்னு நினைச்சேன்" என்பார். நினைக்கவே இல்லை அந்த மனுஷன்! விற்ற அன்றைக்கு, உங்களுக்கென்றே செய்த வண்டி என்று காலில் விழாத குறையாகப் பேசியவர்தான். தபால்காரரோ அதற்கும் தலையாட்டுவார்.

விழுந்த இருபதாம் நாள் மத்தியானம் அவர் நேராக ஒர்க்‌ஷாப்புக்குள் வந்துவிட்டார். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். வண்டி வேலை முடிந்து, புது டேங்க் மாட்டி, பளபளவென்று நின்றது. அவர் அதைத் தொடவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"மொபெட்டை ஆபீஸ்ல திருப்பிக் குடுத்துட்டேன் தம்பி" என்றார். "உள்ள உக்காந்து கடிதாசு பிரிக்கிற வேலை கேட்டு வாங்கிக்கிட்டேன். வண்டியில ஏறினா கை நடுங்குது. இருபத்தாறு வருஷம்... சரி, விடு."

சாவி துணியை எடுத்துத் துடைத்த இடத்தையே துடைத்தான்.

"வீட்டுல அவ பேசறதில்ல. சோறு வைப்பா, போயிடுவா. அவ சொன்னா, நான் கேக்கல. பொண்ணுதான், உங்க தப்பு இல்லப்பாங்கறா. அவ சொல்றப்பதான் தாங்க முடியல." பிறகு, "உன்னை ஒண்ணு கேக்கணும்னுதான் வந்தேன். எல்லாரும் ஒவ்வொண்ணு சொல்றாங்க. நீதான் வண்டி தெரிஞ்ச ஆளு. மனசுல இருக்கறதைச் சொல்லு. இவ்வளவு பவர் என் கைக்கு அதிகமா?"

ஆமாம் சார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் போய்விடுவார். வண்டி விற்றுப்போகும். அவனும் தப்பித்துவிடுவான். சாவிக்கு அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. நடுங்குகிற கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு நிற்கிற ஆளிடம் அதைச் சொல்ல அவனால் முடியவில்லை.

"உங்க கையில தப்பு இல்ல சார்" என்றான். "உங்களுக்கு முன்னாடி நான் ஓட்டினேன்."

அவருக்குப் புரியவில்லை. சாவி எல்லாவற்றையும் சொன்னான். வயரைக் கழற்றியது, அவசரத்தில் மாட்டியது, சத்தம் கேட்காமல் எழுந்தது, வண்டி வந்த அன்றே பாதி கழன்று நின்றதைப் பார்த்தது, அழுத்திவிட்டு வாயை மூடிக்கொண்டு அறிக்கையில் கையெழுத்துப் போட்டது, ஒன்றைக்கூட விடவில்லை.

"மஞ்சள் லைட்டு எரிஞ்சுதே" என்றார் தபால்காரர் மெதுவாக. "மூணாம் நாள்லேர்ந்து. ஸ்பீடு கூட அப்பப்ப காட்டாம போச்சு. போன் பண்ணிக் கேட்டேன். புது வண்டி அப்படித்தான் இருக்கும், முதல் சர்வீஸ்ல பாத்துக்கலாம்னாரு உங்க ஆளு."

"ஏபிஎஸ் போச்சுன்னா எரியற லைட்டு சார் அது."

அவர் பக்கத்தில் இருந்த ஆயில் பெட்டி மேல் உட்கார்ந்தார். அடிக்கப் போகிறார் என்று சாவி எதிர்பார்த்தான். அடித்தால் தேவலை என்று கூட இருந்தது. அவர் இரண்டு கைகளையும் முன்னால் கொண்டுவந்து மடியில் வைத்து, புறங்கையும் உள்ளங்கையுமாகத் திருப்பிப் பார்த்தார்.

"என் பொண்ணு உக்காந்திருந்தாடா பின்னாடி" என்றார். அப்புறம் அழுதார். வாய்விட்டு, குழந்தை மாதிரி அழுதார்.

அழுது முடித்து முகத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். போனை எடுத்து மனைவியின் நம்பரை அழுத்தி சாவியிடம் நீட்டினார். "அவ எடுப்பா, பேச மாட்டா. நீ சொல்லு. என்கிட்ட சொன்னதை அப்படியே சொல்லு."

அந்தப் பக்கம் யாரோ எடுத்தார்கள். பாத்திரம் ஒன்றைக் கீழே வைக்கிற ஒலி மட்டும் கேட்டது. சாவி தான் யார் என்று சொன்னான். பிறகு மறுபடியும் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னான். இரண்டாம் தடவை சொல்வது முதல் தடவையைவிடக் கஷ்டமாக இருந்தது. சொல்லி முடித்ததும், "அவர் மேல எந்தத் தப்பும் இல்லம்மா. நான்தான். என்னை மன்னிச்சுடுங்க" என்றான்.

கட்டாகிவிட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தான். கட்டாகவில்லை.

"நீ வயரை மறந்தே. சரி, மனுஷன் மறக்கறதுதான்" என்றாள் அவள். கோபம் இல்லாத குரல். "அன்னையிலேர்ந்து இவர் தூங்கல. உக்காந்து கையையே பாத்துக்கிட்டிருப்பாரு. நானும் அவர் மூஞ்சியில முழிக்கல. பெத்த பொண்ணைத் தூக்கிப் போட்டவர்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். எங்க ரெண்டு பேருக்கும் அந்த இருபது நாளு எப்படிப் போச்சுன்னு உனக்குத் தெரியுமா? அந்த இருபது நாளும் நீ எங்கேப்பா இருந்தே?"

சாவி தபால்காரரைப் பார்த்தான். மூன்று நாளைக்கு ஒரு தடவை அவர் வந்து நின்ற வாசலைப் பார்த்தான்.

"இங்கதாம்மா இருந்தேன்" என்றான்.