பொய்க்கு வெளுத்த மாமனார்

இதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் சத்தியம். கண்புரை எடுத்த என் வலது கண்ணின் மேல் ஆணையாகச் சொல்கிறேன். இடது கண் இன்னும் கொஞ்சம் மங்கல் என்பதால் அதை இதில் இழுக்கவில்லை.

எங்கள் ஊர் மீன் காட்சியகத்தில் மீன்களுக்கு மருத்துவம் பார்த்தவரை எல்லாரும் வைத்தியர் என்றே கூப்பிட்டார்கள். கறாரான ஆள். புதிதாக வருகிற எந்த மீனும் பின்கட்டில் இருக்கும் தனித்தொட்டியில் கிடந்து, நோய் எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகே பெரிய தொட்டிக்குப் போகவேண்டும் என்பது அவரே போட்ட சட்டம். மேலாளரம்மா ஒரு முறை ஆசை ஆசையாக வாங்கிவந்த மீனையே, "அம்மா, நீங்க உள்ள வரலாம். அது வரக்கூடாது" என்று வாசலில் நிறுத்தியவர்.

பெரிய தொட்டி மூன்று மாடி உயரம். அதற்குத் தலைவர் ஒரு களவா மீன். படகு போல உடம்பு, தொங்கிப்போன கீழுதடு, எதைக் கொடுத்தாலும் திருப்திப்படாத பார்வை. வைத்தியர் அதற்கு மாமனார் என்று பெயர் வைத்திருந்தார். அவருடைய நிஜ மாமனார் ஒரு நாள் பார்க்க வந்தபோது இருவரும் கண்ணாடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக முறைத்துக்கொண்டு நின்றார்கள். யார் முதலில் நகர்வது என்று முடிவாகாததால் அன்றைக்குக் காட்சியகத்தைப் பூட்ட முடியவில்லை.

தொட்டிக்குள் முக்குளித்துச் சுத்தம் செய்தவன் வைத்தியரின் மச்சினன், மனைவியின் கூடப்பிறந்த தம்பி. "அத்தான், எங்கப்பாவுக்கு இன்னைக்கு ரெண்டு கணவா கூடப் போடுங்க" என்பான். "உங்கப்பாவுக்கு எதைப் போட்டாலும் குறைதான்டா" என்பார் இவர். மாமனார் அவன் கையால் மட்டும்தான் தின்பார். அவன் நீந்தினால் பின்னாலேயே போவார்.

அப்படியிருக்கும்போது ஒரு மஞ்சள் மீன் வந்து சேர்ந்தது. சாப்பாட்டுத் தட்டு அகலம், நல்ல அழகு. தனித்தொட்டியில் பாறையும் கிடையாது, துணையும் கிடையாது. நாலு கண்ணாடியும் ஒரு குழாயும்தான். அது ஒரு மூலையில் போய் நின்றுகொண்டு தின்னமாட்டேன் என்றது. வைத்தியர் இறாலைப் பொடியாக நறுக்கிப் போட்டார். கடற்பாசி போட்டார். பாட்டுக்கூடப் பாடிப் பார்த்தார். அதைக் கேட்டதும் அது எதிர்மூலைக்கு மாறிக்கொண்டது. நாளுக்கு நாள் அதன் முதுகு கத்தி போல மெலிந்தது. வைத்தியர் கையில் மீன் பட்டினி கிடந்து செத்தது என்று ஆகிவிடுமே என்று பயந்தார்.

மற்ற மீன்கள் தின்பதைப் பார்த்தால் தானும் தின்னும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு மட்டும் வருகிற சபலம். ஒரு மதியம், ஆட்கள் எல்லாரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், வைத்தியர் மஞ்சள் மீனை வாளியில் எடுத்துக்கொண்டு படியேறிப் போய்ப் பெரிய தொட்டியில் விட்டார். உள்ளே விழுந்ததும் அது அள்ளி அள்ளித் தின்றது. "தனித்தொட்டி முடிச்சு சுத்தமா வந்திருக்கும்மா" என்று மேலாளரம்மாவிடம் சொல்லிவிட்டார்.

கொஞ்ச நாளில் மாமனார் சொறிந்துகொள்ளத் தொடங்கினார். தொட்டிக்குள் இருந்த சிமெண்டுப் பாறையில் அவர் உடம்பைத் தேய்த்த தேய்ப்பில் பாறை பளபளவென்று ஆகி, பார்க்க வந்தவர்கள் அதில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொண்டார்கள். அவர் கண்ணில் பால் படர்ந்தது. கூட இருந்த மீன்களும் உடம்பை உதறின. சின்ன மீன் ஒன்று செத்து மிதந்தது.

வந்திருப்பது தட்டைப் புழு என்று வைத்தியருக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. மீனின் தோலிலும் கண்ணிலும் ஒட்டிக்கொண்டு உறிஞ்சும். கண்ணாடிச் சில்லு மாதிரி இருப்பதால் உப்புத் தண்ணீரில் கண்ணுக்கே படாது. மீனைக் கொஞ்ச நேரம் உப்பில்லாத நல்ல தண்ணீரில் முக்கிவைத்தால்தான் புழு செத்து, வெளுத்து, உதிரும். எது வழியாக வந்தது என்பதும் அவருக்குத் தெரிந்துதான் இருந்தது.

மேலாளரம்மா எல்லாரையும் தொட்டி முன்னால் கூட்டிவைத்துக் கேட்டார். "எப்படி வந்துச்சு? அந்த மஞ்சளைத் தவிர புதுசா எதையும் விடலையே."

வைத்தியரின் வாய் அவரைக் கேட்காமலே பேசியது. "மஞ்சள் சுத்தம்மா. இவன் கடல்ல முக்குளிச்ச உடுப்பைக் காயப்போடாம அப்படியே மாட்டிக்கிட்டு இங்க இறங்கியிருப்பான். அதுல ஒட்டிக்கிட்டு வந்திருக்கும்."

மேலாளரம்மா மச்சினனைப் பார்த்தார். மச்சினன் அத்தானைப் பார்த்தான். அத்தான் தரையைப் பார்த்தார்.

"இனிமே நீ தொட்டிக்குள்ள இறங்க வேண்டாம். வாசல்ல டிக்கெட் கிழி. இன்னொரு மீன் செத்துச்சுன்னா வேற வேலை தேடிக்கோ."

அந்த நிமிஷம் கண்ணாடிக்குப் பின்னால் நின்ற மாமனார் தலையிலிருந்து வால் வரைக்கும் வெளுத்துப்போனார்.

களவா நிறம் மாறும் என்பது மீனைத் தெரிந்தவர்களுக்குப் புதிதில்லை. ஆனால் இவர் பொய்க்கு மட்டும் வெளுத்தார். மறுநாளே ஒரு கணவர் கண்ணாடி முன்னால் நின்று, "ஆபீஸ்ல வேலை அதிகம்மா, அதான் லேட்டு" என்று மனைவியிடம் சொல்ல, மாமனார் சுண்ணாம்பு அடித்த சுவர் போல ஆனார். விஷயம் ஊரெல்லாம் பரவியது. பெண்ணைப் பெற்றவர்கள் மாப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து தொட்டி முன்னால் நிறுத்தி, "குடிப்பீங்களா?" என்று கேட்டார்கள். வரிசை தெருமுனை தாண்டியது. பல் மருத்துவர் ஒருவர் வாசல் வரை வந்து, "வலிக்காது" என்று தான் சொல்லிவந்த வார்த்தையை நினைத்துப் பார்த்துத் திரும்பிப் போனார். இந்தக் கூட்டத்துக்கெல்லாம் மச்சினன் தலை குனிந்து டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தான். வைத்தியர் பின்பக்கக் கதவு வழியாக வந்து போனார்.

வீட்டில் மனைவி கேட்டாள். "என் தம்பி உடுப்பைக் காயப்போடாம இறங்கற ஆளா?"

"மறந்திருப்பான்."

"நாளைக்கு அந்த மீன் முன்னாடி நின்னு இதையே கேக்கறேன். இதையே சொல்வீங்களா?"

"மீனுக்கு உடம்பு சரியில்ல. தொந்தரவு பண்ணக்கூடாது" என்று சொல்லிவிட்டு வைத்தியர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

தாமிர மருந்து போட்டால் தொட்டியில் இருந்த திருக்கைகள் தாங்காது. அதனால் எல்லா மீனையும் ஒவ்வொன்றாகப் பிடித்து நல்ல தண்ணீரில் முக்கி எடுத்து, தொட்டிக்குப் புழு மருந்து ஊற்றுவது என்று முடிவானது. மாமனாரைப் பிடிக்க நாலு பேர் போய் நாலு பேரும் நனைந்து திரும்பினார்கள். கடைசியில் மேலாளரம்மா அந்த ஒரு நாளுக்கு மட்டும் மச்சினனைக் கூப்பிட்டார்.

அவன் இறங்கினான். மாமனார் பூனைக்குட்டி மாதிரி அவன் பின்னாலேயே வந்து தூளி போலத் தைத்த படுதாவுக்குள் படுத்துக்கொண்டார். பாரந்தூக்கியால் தூக்கி, அறை அளவு இருந்த நல்ல தண்ணீர்த் தொட்டியில் இறக்கினார்கள். சற்று நேரத்தில் புழுக்கள் வெள்ளை வெள்ளையாக உதிரத் தொடங்கின. விழுந்ததை அள்ளிய முறங்களை எண்ணியவர் பாதியில் எண்ணிக்கையை மறந்துவிட்டார்.

மச்சினன் மார்பளவு தண்ணீரில் நின்று மாமனாரின் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். "இன்னும் கொஞ்சம்ப்பா, பொறுத்துக்குங்க" என்று அவரிடம் சொன்னான். பிறகு மேலே பார்த்து, "அத்தான், எல்லாத்தையும் முக்கியாச்சு. மஞ்சள்தான் பாக்கி" என்றான்.

"அது நல்லாத்தானே இருக்கு. எதுக்குத் தொல்லை."

"ஒண்ணை விட்டாக்கூட மறுபடியும் வந்துரும்னு நீங்கதானே சொல்வீங்க."

"வைத்தியர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார் மேலாளரம்மா.

அந்த ஒரு வார்த்தை வைத்தியரின் முதுகுத்தண்டில் ஏறி உட்கார்ந்தது. மஞ்சளை விட்டால் புழு திரும்ப வரும். இன்னொரு மீன் சாகும். இவன் போவான். அவருக்குக் காது மடல் வரைக்கும் சுட்டது.

"உடுப்பு இல்லம்மா" என்றார். "அவன் மேல தப்பே இல்ல. மஞ்சளை நான்தான் பாதியில எடுத்து விட்டேன். புழு அதுலதான் வந்துச்சு."

எல்லாரும் மாமனாரைப் பார்த்தார்கள். நல்ல தண்ணீரில் கிடக்கிற மீன் எதுவாக இருந்தாலும் வெளிறிப்போகும். மாமனார் பால்போல வெளுத்துக் கிடந்தார்.

மேலாளரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "மச்சினனைக் காப்பாத்தப் பழியைத் தன் தலையில போட்டுக்கறார் பாருங்க" என்றார். பாரந்தூக்கி ஓட்டியவர் வைத்தியரின் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"விடுங்க அத்தான், எனக்காகப் பொய் சொல்லாதீங்க" என்றான் மச்சினன். "நானும் யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். ஏதோ ஒரு நாள் உடுப்பு சரியாக் காயாமத்தான் இருந்திருக்கும்போல. நீங்க சும்மா சொல்வீங்களா?"

அடித்திருந்தால்கூட வைத்தியர் தாங்கியிருப்பார். படியேறிப் போய், மஞ்சள் மீனை வலையில் எடுத்துவந்து, எல்லாருக்கும் நடுவில் ஒரு வாளி நல்ல தண்ணீரில் விட்டார். வாளியின் உள்பக்கம் கறுப்பு. யாரும் குனிந்து பார்க்கவேண்டிய தேவைகூட இருக்கவில்லை. செவுளிலிருந்தும் கண்ணோரத்திலிருந்தும் வெள்ளையாக உதிர்ந்து உதிர்ந்து, அடி தெரியாமல் மூடியது.

"தனித்தொட்டி முடிச்சு வந்துச்சுன்னு சொன்னீங்க" என்றார் மேலாளரம்மா.

"சொன்னேன்."

"உடுப்புன்னு சொன்னீங்க."

"சொன்னேம்மா."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. திட்டினால் தேவலை என்று நின்றார் வைத்தியர். யாரும் திட்டவில்லை. தோளைத் தட்டிய ஆள் தன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். வைத்தியருக்குக் கண்ணெதிரே வாளி இருந்தும் மீன் கண்ணில் படவில்லை. மச்சினன்தான் ஓடிவந்து, "அத்தான், மூச்சு வாங்குது பாருங்க, எடுத்துரலாம்" என்று வலையைப் போட்டு அதைத் தூக்கினான். மீனைக் காப்பாற்றுகிற புத்திகூட அப்போது தனக்கு இல்லையே என்பதை நினைத்துத்தான் வைத்தியர் பிற்பாடு அதிகம் கூசினார்.

மச்சினன் மறுபடியும் தொட்டிக்குள் போனான். மருந்துக்கும் அடுத்தடுத்த முக்கலுக்கும் புழு ஒழிந்தது. மாமனார் பழைய நிறத்துக்கு வந்தார். டிக்கெட் கிழிக்கிற வேலை வைத்தியருக்கு வந்தது. அதை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். வீட்டில் மனைவி சோற்றைப் போட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவாள்.

ஒரு நாள் மச்சினன் ஈரத்தலையோடு வாசலுக்கு வந்தான். "அத்தான், அப்பா உங்களை விசாரிச்சாரு."

"என்னன்னு?"

"உள்ள வந்து பாக்கச் சொன்னாரு. டிக்கெட் வாங்கிட்டு."

வைத்தியர் ஒரு டிக்கெட்டை எடுத்து, தானே கிழித்து, பாதியைப் பையில் போட்டுக்கொண்டார். ஆனால் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. "நாளைக்குப் போறேன்" என்றார். மச்சினன் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, உள்ளே திரும்பித் தொட்டிப் பக்கம் எட்டிப் பார்த்தான்; அங்கே வெள்ளையாகத் தெரிந்தது. "சரி, வேண்டாம். இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்" என்றான்.

நான் சொன்ன சத்தியத்தில் ஒரே ஒரு சின்னக் குறை: அந்தக் கட்டடம் திறந்த நாளிலிருந்து பறவைகள் காட்சியகம்தான்; அதற்குள் தண்ணீர் என்று இருப்பது கிளிகள் குடிக்கிற கிண்ணம் ஒன்று மட்டுமே.