திட்டாத சிஸ்டர்

விடுதியில் அவளுக்கு சிஐடி என்று பெயர். குளியலறையில் தன் சோப்பு ஒரு சுற்று இளைத்திருந்தால் போதும், யார் கை வைத்தது என்று சாயங்காலத்துக்குள் கண்டுபிடித்துவிடுவாள். மருத்துவச்சிப் படிப்பின் கடைசி வருடம் பயிற்சிக்காக மகப்பேறு மருத்துவமனைக்கு வந்தபோது, அந்தப் புத்தியையும் கூடவே கூட்டி வந்திருந்தாள்.

அவளுக்கு மேற்பார்வைக்கு வாய்த்தவரை எல்லோரும் பெரிய சிஸ்டர் என்றார்கள். அந்த ஊரில் நடமாடுகிறவர்களில் பாதிப் பேரை முதலில் தொட்ட கை அவருடையது என்று வார்டு ஆயா பெருமையாகச் சொன்னார். மாணவி கர்ப்பிணியின் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக் குழந்தையின் தலை எங்கே, முதுகு எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டும். பிறகு சிஸ்டர் தன் கையால் பார்த்து, சரியென்றால் சரி, தப்பென்றால் தப்பு என்பார். முறை அவ்வளவுதான்.

பெரிய சிஸ்டர் எப்போதும், "நீ முதல்ல சொல்லு" என்பார். சொல்லுவாள். அவரும் கை வைத்துப் பார்த்துவிட்டு, "ம், சரி" என்பார். ஒரு நாளும் தப்பு என்றதில்லை.

கூடப் படிக்கிறவர்கள் தினமும் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தார்கள். அவள் ஒருத்திதான் திட்டு வாங்காமல் திரும்பினாள். அதுவே அவளுக்கு உறுத்தியது. தப்பையெல்லாம் மனதில் சேர்த்துவைத்து, கடைசியில் மொத்தமாகக் கவிழ்க்கப் பார்க்கிறாரோ? அம்மாவுக்குப் போன் செய்து புலம்பியபோது, நல்லது நடந்தாலும் உனக்குப் பொறுக்காதா, வாயை மூடிக்கொண்டு படிப்பை முடி என்று அம்மா வைத்துவிட்டாள்.

பிறகு ஒரு காலையில், கொதிநீரிலிருந்து அப்போதுதான் எடுத்துவைத்த எஃகுத் தட்டைப் பெரிய சிஸ்டர் வெறுங்கையால் தூக்கினார். முகம் சுளிக்கவில்லை. நிதானமாக மேசைவரை கொண்டுபோய் வைத்தார். விரல்நுனிகள் சிவந்து கன்றியிருந்ததை அவள்தான் பார்த்தாள், அவர் பார்க்கவில்லை. அன்றிலிருந்து அவளுடைய சந்தேகம் வேறு பக்கம் திரும்பியது. சட்டைப் பொத்தான் போடும்போது அவர் குனிந்து பார்த்தே போட்டார். ஊசியை எடுக்கவும் கண்ணைத்தான் நம்பினார்.

அதற்கடுத்த வாரம் ஒரு நிறைமாதக்காரி வந்தாள். இரண்டாவது பிரசவம். சிஐடி வயிற்றில் கை வைத்தாள். மேலே, விலா எலும்பை ஒட்டி உருண்டையாக, கெட்டியாகத் தலை தட்டுப்பட்டது. கீழே, தலை இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது மெத்தென்ற பிட்டம். சந்தேகமே இல்லை.

"சொல்லு" என்றார் பெரிய சிஸ்டர்.

அவள் அவருடைய விரல்களைப் பார்த்தாள். பிறகு, "தலை கீழ இருக்கு சிஸ்டர்" என்றாள்.

அவர் கை வைத்தார். மேலே, பக்கவாட்டில், கீழே. எல்லாம் முறைப்படிதான் செய்தார்.

"ம், சரி" என்றார். அந்தப் பெண்ணிடம் எல்லாம் நன்றாக இருக்கிறது, வலி வந்ததும் வந்தால் போதும் என்று சொல்லி அனுப்பினார்.

அந்தப் பெண் செருப்பைத் தேடி மாட்டுவதற்குள் சிஐடி சிஸ்டரைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டாள்.

"சிஸ்டர், தலை மேல இருக்கு. நான் வேணும்னேதான் மாத்திச் சொன்னேன்."

பெரிய சிஸ்டர் சுவரோடு ஒட்டி நின்றார்.

"எத்தனை நாளா இந்தச் சந்தேகம்?"

"ஒரு வாரமா."

"என்கிட்டயே கேட்டிருக்கலாமே."

"கேட்டிருந்தா உண்மையைச் சொல்லியிருப்பீங்களா?"

அவர் உள்ளே போய், தான் சொன்னது தப்பு என்று அந்தப் பெண்ணிடமே சொல்லி ஸ்கேனுக்கு அனுப்பினார். குழந்தை தலையை மேலே வைத்துக்கொண்டு சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தது. டாக்டர் அறுவைக்கு நாள் குறித்தார்.

கை கழுவும் இடத்தில் பெரிய சிஸ்டர் மெல்லச் சொன்னார். சர்க்கரை நோயால் விரல்கள் மரத்துப்போய் ஒரு வருடமாகிறது. சமாளித்துவிடலாம் என்று நினைத்தாராம். "உன் கை ஒரு நாளும் தப்பினதில்ல. அதை நம்பியே பழகிட்டேன்" என்றார்.

இது பாராட்டா, வாய்ப்பூட்டா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

மறுநாள் காலை அவளைத் தலைமை சிஸ்டர் கூப்பிட்டனுப்பினார். அறை வாசலில் பெரிய சிஸ்டர் எதிரே வந்தார். நிமிர்ந்து பார்க்காமல் போனார். தன்மேல் புகார் சொல்ல முந்திக்கொண்டுவிட்டார் என்று அவளுக்குத் திக்கென்றது. நினைத்தது பாதிதான் சரி. தன் விரல்களைப் பற்றி ஒன்றுவிடாமல் சொல்லி, இனி நோயாளியைத் தொடுவதில்லை என்று அவர் எழுதிக் கொடுத்திருந்தார். மாணவி ஒரு கர்ப்பிணியை வைத்துப் பொய் சொன்னதையும் மறைக்கவில்லை. அவள் உடனே உண்மையைச் சொன்னதையும் விடவில்லை.

அவள் அந்தப் பயிற்சியை முதலிலிருந்து செய்ய வேண்டும் என்று முடிவானது. இருவரும் சேர்ந்து பார்த்த எல்லாப் பெண்களையும் திரும்ப வரவழைத்தார்கள்.

வந்தவர்களில் ஒருத்திக்குக் குழந்தை குறுக்கே கிடந்தது. ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான் கிடந்திருக்கும் போல என்றார் டாக்டர். தலை கீழே இருக்கிறது என்று அவளிடம் சொன்னது சிஐடிதான். அன்றைக்கு அவள் பொய் சொல்லவில்லை. உள்ளதென்று நம்பித்தான் சொன்னாள். மரத்துப்போன கை அதற்கு "சரி" போட்டது. உலகத்தில் எல்லோரையும் சந்தேகப்பட்டவள், தன் இரண்டு கைகளை மட்டும் ஒரு தடவைகூடச் சந்தேகப்பட்டதில்லை.

அந்தப் பெண்ணுக்கு அறுவை நடந்து பெண் குழந்தை பிறந்தது. சிஐடி வார்டுக்குப் போய்ப் பார்த்தாள். தாய் அவளை அடையாளம் கண்டுகொண்டு, "நல்லவேளை, திரும்பக் கூப்பிட்டீங்க. உங்க புண்ணியம்" என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

சும்மா சிரித்துவிட்டு வந்திருக்கலாம். அவளால் முடியவில்லை.

"அக்கா, முதல்ல தப்பாச் சொன்னதே நான்தான்" என்றாள்.

அந்தப் பெண் பிடித்திருந்த கையை விட்டாள். பிறகு குழந்தையைத் தூக்கித் தன் மறுபக்கத்தில், சுவர் ஓரமாகக் கிடத்திக்கொண்டாள்.