நாற்பத்தொன்றாம் பக்கம்

1

வேலாயுதம் மைசூர் தேவராஜ மொஹல்லாவில் பூக்கடைகளுக்கு நடுவே ஓடுகிறார். அறுபத்தேழு வயது. ஒரு செருப்பு அறுந்துவிட்டது. அச்சகத்தில் மெஷின் ஓடுமுன் நாற்பத்தொன்றாம் பக்கத்தை நிறுத்தியாக வேண்டும்.

(வாரப் பத்திரிகையில் தொடர்கதை எழுதிப் பழகிய கை என்னுடையது. ஆளை ஓடவிட்டுத்தான் ஆரம்பிக்கும். போன் செய்தால் போதாதா என்பீர்கள். செய்தார், யாரும் எடுக்கவில்லை.)

2

கதை பிறந்த விதம் இது. மைசூர்த் தமிழர்கள் சிலர் மங்களூருக்கு வடக்கே ஒரு கடற்கரையில், சம்பளம் வாங்காமல், விடுமுறை நாள்களில் ஒரு படகுச் சங்கம் நடத்தினோம். வெள்ளிவிழா மலர் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. செயலாளர் வேலாயுதம் சொல்லச் சொல்ல எழுதினேன்.

எங்கள் முதல் சட்டம்: கடலில் இறங்குகிறவர் கரும்பலகையில் பெயர் எழுத வேண்டும், திரும்பியதும் அவரே அழிக்க வேண்டும். பெயர் மிச்சமிருந்தால் படகு ஷெட்டைப் பூட்டாமல் தேடிப் போக வேண்டும்.

பதினோரு வருஷத்துக்கு முன், கடல் கொந்தளித்துக்கொண்டி—

இல்லை. கடல் அமைதியாகத்தான் இருந்தது. தனியாகக் கடலுக்குப் போன எங்கள் உறுப்பினர் சிவகுமாரின் உடல் மறுநாள் கரை ஒதுங்கியது. மலரின் நாற்பத்தொன்றாம் பக்கம் சொல்கிறது: ‘பெயர் எழுதாமல் போனார். அதனால் யாரும் தேடவில்லை.’

3

மலரில் வரப்போவதைக் கேள்விப்பட்டு, இன்று மத்தியானம் சிவகுமாரின் மனைவி ஜோதிமணி வேலாயுதத்தைப் போனில் கூப்பிட்டாள்.

"அண்ணா, அப்படியா போடறீங்க?"

"பலகைல பேர் இல்லம்மா. மறுநாள் வந்து என் கண்ணால பார்த்தேன்."

"பல்லு விளக்கறதுக்கு முன்னாடி சாக்பீஸைத் தேடற மனுஷன்ணா அவரு. நீங்களே எத்தனை கேலி பண்ணியிருக்கீங்க. அப்பா மேலதான் தப்புன்னு பொண்ணு அச்சுல படிக்கணுமா?"

வேலாயுதம் செருப்பை மாட்டினார்.

4

முடிவு ஒன்று. அச்சகத்து ஹேமந்த் மெஷினை நிறுத்துகிறார். "ப்ளேட் ஏத்தியாச்சு சார். ஈகா, இந்த நேரத்துல வந்து நிறுத்துன்னா ஹேகே, எப்படி சார்? சரி, பதிலா என்ன போடணும், சொல்லுங்க."

வேலாயுதம் சட்டைப்பையில் போனைத் தேடுகிறார்.

முடிவு இரண்டு. பலகையைத் துடைத்தது வேலாயுதம்தான். (எழுதிப் பார்த்தேன். வசதியாகத்தான் இருந்தது. ஆனால் அன்று அவர் மைசூரில் இருந்தார். அந்த முடிவை அடித்துவிட்டேன்.)

5

ஓர் உண்மையை இருபது வாரம் ஒளித்து வைப்பது என் தொழில். ஒளித்ததை வெளியே எடுக்கிற வாரமும் எனக்குத் தெரியும். இதில் மட்டும் அந்த வாரம் வரவே இல்லை.

பதிலாக என்ன போடுவது என்று கேட்க வேலாயுதம் என்னைக் கூப்பிடுகிறார். போன் அடிக்கிறது. எடுக்கிறேனா இல்லையா, அதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். போட வேண்டிய வாக்கியத்தை மட்டும் தருகிறேன்:

அன்று ஷெட்டைப் பூட்டும் முறை என்னுடையது. மைசூர் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில், வந்திருப்பான், அழிக்க மறந்திருப்பான் என்று நினைத்து, சிவகுமாரின் பெயரை நான்தான் துடைத்தேன்.