மனை பார்க்க வந்த ஒச்சாயி

மேலக்கரட்டுப்பட்டியை எண்பத்து நான்கில் 'பொன்மாரி நகர்' ஆக்கிய புண்ணியத்தில் எனக்கும் பங்கு உண்டு. நோட்டீஸ் எழுதியது நான்தான். 'மதுரைக்கு மிக அருகில், மலைக்காற்று, இளநீர் போன்ற கிணற்று நீர்' என்று எழுதினேன். மதுரைக்கு அருகில் என்பது பொய். மலைக்காற்று பாதிப் பொய். மலை இருந்தது, காற்றுதான் அதன் இஷ்டத்துக்கு வந்தது. தண்ணீர் மட்டும் சத்தியமான உண்மை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மதுரை ஆரப்பாளையத்திலிருந்து எங்கள் மனை கம்பெனி வேன் புறப்படும். இலவசம். மனை பார்க்க வருகிறவர்களைக் கூட்டிப் போய், கல் ஊன்றிய இடத்தைக் காட்டி, வேப்பமரத்தடியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துத் திருப்பிக் கொண்டுவந்து விடுவது என் வேலை. அந்தத் தண்ணீரைக் குடித்த பிறகுதான் முக்கால்வாசிப் பேர் அட்வான்ஸ் பேச்சையே எடுப்பார்கள். அதனால் கிணற்றுக்காரர் வீட்டில் சொல்லிவைத்திருந்தேன். அந்த வீட்டு மருமகள் தங்கப்பொண்ணு குடத்தோடு வந்து ஆளுக்கொரு தம்ளர் ஊற்றித் தருவாள். அவள் மாமியார் முனியாயி மோட்டார் ரூம் வாசலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒச்சாயி முதல் வாரம் வந்தபோது எனக்குச் சந்தோஷம். செல்லூர்க்காரி, ஐம்பது வயது இருக்கும், காதில் கனத்த தோடு. வாங்குகிற முகம் என்று நினைத்தேன். ஐந்தாவது வாரமும் வந்து நின்றபோது எரிச்சல் வந்துவிட்டது. இடம் பற்றாத வேனில் ஜன்னலோரம் பிடித்து உட்கார்ந்துகொள்வாள். இறங்கியதும் மனைப்பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேரே வேப்பமரத்தடிக்குப் போவாள். அங்கேயும் தண்ணீர் குடிக்க மாட்டாள். தங்கப்பொண்ணு தம்ளரை நீட்டுவாள், இவள் தலையை மட்டும் ஆட்டுவாள். அதற்கப்புறம் வேன் கிளம்புகிற வரைக்கும் அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஆறாவது வாரம் ஒரு தபால்காரர் மனைவியோடு வந்திருந்தார். மூலை மனை கிட்டத்தட்ட முடிந்த மாதிரிதான். அப்போது ஒச்சாயி அந்த அம்மாளின் காதருகே போய், "அவசரப்படாதீக. இந்தத் தண்ணி மொத வாய்க்குத்தான் இனிக்கும், அப்பறம் ஒரே உப்பு" என்றாள். தபால்காரர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அவளை வேனுக்குப் பின்னால் கூப்பிட்டேன்.

"பெரியம்மா, ஆறு வாரமா ஒரு சொட்டு வாயில வைக்கல நீங்க. உப்புன்னு எப்படித் தெரியும்? எந்தக் கம்பெனிக்காரன் அனுப்பிச்சு வாரீக?"

அவள் பயப்படவில்லை. "மனையெல்லாம் வித்துட்டா வேன் நின்னுரும்ல தம்பி?" என்று திருப்பிக் கேட்டாள்.

"நிக்கத்தான் செய்யும். அதுக்கென்ன?"

"தண்ணி ஊத்துறது என் மக."

அவள் சொல்ல ஆரம்பித்தாள். மூன்று வருடத்துக்கு முன்பு பேத்திக்குக் காதுகுத்து. தாய்மாமன் சீர்தான் முதலில் பந்தலுக்குள் நுழைய வேண்டும். மேளத்தோடு இவர்கள் வந்து சேர்வதற்குள் முனியாயி தன் பக்கத்து ஆட்களின் சீரை இறக்க விட்டுவிட்டாள். ஒச்சாயியின் புருஷன் தவசி நடுப்பந்தலில் நின்று, இனி இந்த வாசலை மிதிக்க மாட்டோம், இந்த வீட்டுத் தண்ணீர் எங்கள் குடும்பத்தில் யார் வாயிலும் படாது என்று குலசாமி மேல் சத்தியம் செய்தார். இலையில் கை வைக்காமல் அத்தனை பேரும் எழுந்து வந்துவிட்டார்கள். அதோடு சரி. இங்கிருந்து போக்கும் இல்லை, அங்கிருந்து வரத்தும் இல்லை, பேச்சும் இல்லை.

"பஸ்ஸுல வந்து பாத்துட்டுப் போகலாமே?"

"பஸ்ஸுல வந்து எறங்குனா, ஒச்சாயி சம்பந்தி வீட்டுக்கு வழிய வந்துட்டான்னு ஊரே பேசும். என் வீட்டுக்காரரு தலைய நிமித்தி நடக்க முடியாது. வேன்ல வந்தா நான் மனை பாக்க வந்தவ. எவ என்ன சொல்லுவா?"

"அப்ப ஒரு மனைய வாங்கிப் போட்டுருங்க."

"வக்கு இருந்தா வாங்க மாட்டேனா? காதுல கெடக்குற தோட்டக் கழட்டுனா என் வீட்டுக்காரரு அன்னைக்கே எங்கன்னு கேப்பாரு."

கோபம் போய் எனக்கு வெட்கமாகிவிட்டது. அத்தனை நாளும் அவளைத் திருடியைப் பார்ப்பது போலப் பார்த்தவன் நான். இனி உப்பு என்று மட்டும் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். சரி என்றாள். அடுத்த வாரம் கரையான் புற்று அதிகம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். காதில் விழாத மாதிரி இருந்துவிட்டேன்.

அவள் என்ன சொல்லியும் மனைகள் போய்க்கொண்டேதான் இருந்தன. தை பிறந்தபோது இரண்டே இரண்டு பாக்கி. அந்த ஞாயிற்றுக்கிழமை அவற்றுக்கும் ஆட்கள் தயாராக வந்திருந்தார்கள்.

அன்று தங்கப்பொண்ணு எல்லோருக்கும் ஊற்றிவிட்டு, கடைசியாகத் தன் அம்மாவுக்கு முன்னால் வந்து நின்றாள். ஒச்சாயி வழக்கம்போலத் தலையை ஆட்டினாள். தங்கப்பொண்ணு நகரவில்லை. மோட்டார் ரூம் வரைக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"கெணறு வெள்ளிக்கெழம கைமாறிருச்சும்மா. எங்க மாமா கம்பெனிக்கு எழுதிக் குடுத்துட்டாரு. இது எங்க வீட்டுத் தண்ணி இல்ல. குடி."

ஒச்சாயி என்னைப் பார்த்தாள்.

"ஆமா பெரியம்மா. பத்திரம் முடிஞ்சுருச்சு. சாட்சிக் கையெழுத்தே நாந்தான் போட்டேன்" என்றேன்.

தம்ளரை இரண்டு கையாலும் வாங்கினாள். மகளின் விரல்களும் அதோடு சேர்ந்து அவள் கைக்குள் போய்விட்டன. கொஞ்ச நேரம் விடவே இல்லை. பிறகு வாய் வைத்துக் குடித்தாள். இன்னொரு தம்ளர் கேட்டாள். அதையும் குடித்துவிட்டு மூன்றாவதும் கேட்டாள். தாடையில் வழிந்ததை மகள் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"எளைச்சுட்டயேத்தா."

"நீ மட்டும் என்னவாம்?"

"புள்ள பள்ளிக்கூடம் போகுதா?"

"ஒண்ணாப்புல சேத்தாச்சு. ஒன்னய மாதிரியே வாயி."

முனியாயி முகத்தை வயல் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள். அது கோபமா, போனால் போகட்டும் என்று விட்டுக்கொடுத்ததா, இன்றுவரை எனக்குத் தெரியாது. இந்தப் பக்கம் இரண்டு மனைக்கும் அட்வான்ஸ் கொடுத்தார்கள். கைகுலுக்கினார்கள். நானும் சிரித்தேன். டிரைவர் ஹாரன் அடித்தான்.

"வார ஞாயித்துக்கெழம வருவயாம்மா?" என்று தங்கப்பொண்ணு கேட்டாள்.

ஒச்சாயி மறுபடியும் என்னைப் பார்த்தாள். நான் குனிந்து நோட்டீஸ் கட்டை எடுத்துக்கொண்டு வேனைப் பார்த்து நடந்தேன். அவள் மகளிடம் என்ன பதில் சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை.

திரும்பும்போது அவள் ஜன்னலோரம் உட்காரவில்லை. என் பக்கத்துச் சீட்டில் வந்து உட்கார்ந்தாள். செக்கானூரணி தாண்டியதும் கேட்டாள்.

"அடுத்து எந்த ஊருல தம்பி மனை போடுறீக?"

"மேலூர்ப் பக்கம், பெரியம்மா. இதே ஞாயித்துக்கெழமதான், இதே எடத்துலதான் ஏறணும். நீங்க வாங்க, ஜன்னல் சீட்டு ஒங்களுக்குப் போட்டு வைக்கிறேன்."

அவள் சிரித்த மாதிரி இருந்தது.

"அங்க எனக்கு யாரு தம்பி இருக்கா" என்றாள்.