படத்துக்குச் சாட்சி கேட்பதில்லை

விளம்பர அலுவலகத்தில் வாசகம் எழுதுகிற வேலை அவளுக்கு. புதிதாக வரும் ஓட்ட ஷூவுக்கு அவள் எழுதிய வரி இது: 'மழைக்கு வழுக்கும், உனக்கு வழுக்காது.' படம் எடுத்தவரை எல்லோரும் தாடி என்றுதான் கூப்பிடுவார்கள். படத்தில், நனைந்த கல்படிகளில் ஒரு பெண் அந்த ஷூவோடு பாய்ந்து இறங்குகிறாள். முன்கால் இன்னும் தரையைத் தொடவில்லை. "இதுக்கு வாய் எதுக்கு? வரியைத் தூக்கிடுங்க" என்று இரண்டு நாளாகத் தாடி அவளை நச்சரித்துக்கொண்டிருந்தார்.

படத்தில் இருந்தது அவள் தங்கை. கிளப்பில் ஓடுகிறவள்.

அன்று காலை வீட்டில் தங்கை செருப்பு மாட்டத் திணறுவதைப் பார்த்து, குனிந்து அவள் பாவாடையை விலக்கினாள். கணுக்கால் பன் மாதிரி வீங்கியிருந்தது.

"அந்தப் படம் எடுத்த அடுத்த அடியிலேயே சறுக்கிட்டேன்க்கா. கோச்சுக்குத் தெரிஞ்சா ஞாயித்துக்கிழமை ஓட விடமாட்டார். யார்கிட்டயும் மூச்சு விடாதே."

தலையாட்டிவிட்டுத்தான் அலுவலகம் வந்தாள். ஆனால் 'வழுக்காது' என்ற தன் வரி வழியெல்லாம் உறுத்தியது. நல்லவேளை, ஷூ கம்பெனி வக்கீலின் கடிதம் அவளுக்கு முன்பே வந்திருந்தது. 'வழுக்காது' என்று எழுதினால் பரிசோதனை அறிக்கை வேண்டுமாம். அறிக்கை கிடையாது.

"வரி வேண்டாம். படம் மட்டும் போகட்டும்" என்றார் மேலாளர்.

அவளுக்கு மூச்சு வந்தது. நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. படமும் அதையேதான் சொல்கிறது. வரிக்கு அறிக்கை கேட்டவர்கள் படத்துக்கு ஒன்றும் கேட்கவில்லை.

நடைவழியில் தாடியை மறித்தாள். "இதுக்கு அடுத்ததா எடுத்த படம் எங்கே?"

அவர் முகம் கறுத்தது. "உங்க தங்கச்சியே வெளியே சொல்ல வேணாம்னு கேட்டுக்கிச்சு. விடுங்களேன்."

பத்து மணிக்குக் கூட்டம். ஷூ கம்பெனியிலிருந்து வந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரையையே பார்த்தார்.

"வரி இல்லாமலே பேசுது. இதையே வச்சுக்கலாம்."

மேலாளர் முகமெல்லாம் பல். அவள் கணக்குப் போட்டாள். இப்போது பேசினால் கோச் காதுக்குப் போய், தங்கையின் ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் போச்சு. பேசாவிட்டால் எத்தனை பேர் இந்தப் படத்தை நம்பி ஈரப் படியில் கால் வைப்பார்களோ.

"மேடம், இதுக்கு அடுத்த படத்தையும் ஒருதடவை பாத்துடுங்க."

மேசைக்கடியில் மேலாளர் அவள் காலை மிதித்தார். திரையை இயக்கிக்கொண்டிருந்த தாடியின் கை அசையவில்லை.

"போடுங்க" என்றார் அம்மாள்.

திரையில் தங்கை படியில் சரிந்து கிடந்தாள். இரண்டு கையாலும் கணுக்காலைப் பிடித்திருந்தாள். வாய் கோணியிருந்தது. அம்மாள் மேசைமேல் இருந்த ஷூவைத் திருப்பி, அடிப்பாகத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

"யார் இந்தப் பொண்ணு?"

"என் தங்கச்சி. ஞாயித்துக்கிழமை ஓடணும்னு நிக்கிறா."

"ஓட விடாதீங்க" என்று சொல்லி ஃபைலை மூடினார். அந்தப் படம் அத்தோடு நின்றது. ஷூ பரிசோதனைக்குப் போனது. தாடி அவளைப் பார்க்காமல் ஒயரைச் சுருட்டினார்.

வெளியே வந்ததும் கோச்சுக்கு அவளே போன் போட்டாள். சாயங்காலம் டாக்டர் பார்த்துவிட்டு, தசைநார் பாதி கிழிந்திருக்கிறது, ஆறு வாரம் ஓடக்கூடாது என்றார். ஓடியிருந்தால் மீதியும் போயிருக்கும்.

தங்கை அதற்காக நன்றி சொல்லவில்லை. மூன்று நாள் பேசவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, ஓட்டம் தொடங்கும் நேரத்தில், சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"உன் வரியைத் தூக்கின கோபத்துலதானே என்னைக் காட்டிக் குடுத்தே?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள்.

"கொஞ்சம் அதுவும்தான்" என்றாள்.

தங்கை அவள் பக்கம் திரும்பினாள். பிறகு கட்டுப் போட்ட காலைத் தூக்கி அக்கா மடியில் போட்டாள்.

"கட்டு இறுக்குது. அவுத்துக் கட்டு."