ஆறு மாதம் ஆகியும் மக்காத குச்சிகள்

1

என் வீட்டு உரத்தொட்டியில் பழத்தோலும் கீரைத்தண்டும் மண்ணாகிவிட்டன. செம்பருத்திக் குச்சிகள் மட்டும் நேற்று ஒடித்தவைபோல் கிடந்தன. ஏன் என்ற கேள்வியிலிருந்துதான் இந்தக் கதை பிறந்தது. முதல் வரியாக, 'மரம் செத்த பிறகும் தன்னை' என்று தொடங்கினேன். வேண்டாம், தத்துவ வாடை அடிக்கிறது.

2

ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் தோட்டக்காரி. வண்டிகள் நிற்கும் இடத்துக்குப் பின்னால், அவள் வெட்டிப்போட்ட கிளைகள் ஆள் உயரத்துக்குக் குவிந்திருந்தன.

"எரிச்சிடுங்கம்மா. உள்ள பாம்பு அடையுது, பிள்ளைங்க விளையாடுற இடம்" என்றார் குடியிருப்புச் சங்கச் செயலாளர்.

"புகை போட்டா கீழ்வீட்டுக் குழந்தைக்கு இழுப்பு வந்துடும் சார். மழை முடியட்டும். அதுக்குள்ள மக்கலைன்னா நானே கொளுத்துறேன்."

[செயலாளரை முதலில் வில்லனாக எழுதினேன். பாம்பைக் கண்டு பயப்படுகிறவர் எப்படி வில்லனாவார்?]

3

வாக்குக் கொடுத்தாயிற்று. அரிவாளால் கிளைகளைத் துண்டு துண்டாக்கினாள். சாணியும் வெட்டிய புல்லும் கலந்து தண்ணீர் தெளித்தாள். குவியல் சூடானது, புல் கரைந்தது. குச்சிகள் கல்லுப்பிள்ளையார்போல் அப்படியே இருந்தன.

காளான் வளர்க்கும் நாத்தனாருக்கு இதற்கு வழி தெரியும். ஆனால் இருவருக்கும் பேச்சு இல்லை. 'பூஞ்சை பிடிச்ச வியாபாரம்' என்று சொந்தக்காரர்கள் முன்னால் இவள்தான் கேலி செய்திருந்தாள். மூன்று முறை தெருமுனைவரை போய்த் திரும்பினாள்.* நான்காம் முறை கதவைத் தட்டினாள்.

"என்ன அண்ணி, வழி தவறிட்டீங்களா?"

"குச்சி மக்க மாட்டேங்குது."

"மக்காது. கட்டையைத் தின்ன அந்தப் பூஞ்சைதான் வேணும்." அறுவடை முடிந்த காளான் பைகளைக் காட்டினாள். வைக்கோல் முழுக்க வெள்ளை நூலாய்ப் பூஞ்சை படர்ந்திருந்தது. "சாணிச்சூடு ஆறினப்புறம் இதைக் கலந்துடுங்க. சூட்டுல இது செத்துடும். ஈரம் காயவிடாதீங்க."

[இந்த இடத்தில் இருவரையும் கட்டிப்பிடித்து அழவிட்டேன். பிறகு அந்த வரியை அடித்துவிட்டேன். காளான் பை மூட்டையைத் தலையில் தூக்கிவிட நாத்தனார் ஒரு கை கொடுத்தாள். அவ்வளவுதான்.]

* மூன்று முறை என்பது என் கணக்கு. கௌரவம் அதிகமுள்ள வாசகர்கள் கூட்டிக்கொள்ளலாம்.

4

மழை ஓய்ந்ததும் செயலாளர் நீளக் கம்போடு வந்தார். தோட்டக்காரி குவியலைப் பிரித்தாள். பாம்பு இல்லை. விரல் பருமன் குச்சிகள் வெளுத்துப்போய், பிடித்ததும் ஈர ரொட்டிபோல் உதிர்ந்தன. தடித்த கட்டைகள் இன்னும் கெட்டி.

"பாதிதான் சார்" என்றாள். "கொளுத்தணும்னா..."

செயலாளர் கம்பைக் கீழே போட்டுவிட்டு, ஒரு குச்சியை நசுக்கினார். இன்னொன்றையும் நசுக்கினார். மோந்து பார்த்தார். "மழை பெஞ்ச மண்ணு வாசனை வருதேம்மா! கட்டையை மட்டும் இன்னும் சின்னதா வெட்டிப் போடுங்க, பார்ப்போம்."

அவர் போன பிறகு, கையைத் துடைத்துக்கொண்டு நாத்தனாருக்கு போன் செய்தாள். மணி அடிக்கிறது. எடுத்துவிட்டாள்.

"சொல்லுங்க அண்ணி."

தோட்டக்காரி சொல்லும் முதல் வார்த்தை 'மக்கிடுச்சு' என்றால் கதை குச்சிகளைப் பற்றியது. 'மன்னிச்சுக்கோ' என்றால் வேறு கதை. இரண்டையும் எழுதிப் பார்த்தேன், இரண்டுமே அவள் குரலில் சரியாக ஒலிக்கின்றன. நாத்தனார் காத்திருக்கிறாள். நீங்களே சொல்லிவிடுங்கள்.